ரெண்டையும் அமுக்குங்க

ரெண்டையும் சேத்து அமுக்குங்க சார். செகப்பு, பச்சை, ரெண்டும். ஒண்ணை மட்டும் அமுக்குனா அது விடாது, கேட்டுக்கிட்டே இருக்கும். கேட்டீங்கள்ல? "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நீங்க எந்த வீடு?" அது என் குரல்தான். நல்லா கணீர்னு இருக்குல்ல? மூணு தடவை பதிவு பண்ணுனோம். மொதத் தடவை இருமிட்டேன்.

மண்டபம் பாக்கத்தான வந்தீங்க? பாக்கலாம், பாக்கலாம். ஓடியா போகப் போகுது. ஆனா இந்தக் கதவு வழியாத்தான் போகணும். விசேஷம் இல்லாத நாள்லயும் இப்பல்லாம் நான் இதை அணைக்கிறதில்ல. எதுக்கு ரெண்டையும் அமுக்கணும்னு வெளியூர்க்காரங்க எல்லாரும் கேக்குறாங்க. அருப்புக்கோட்டையில யாரும் கேக்கமாட்டாங்க, அவங்களுக்குத் தெரியும்.

மகன் கல்யாணமா, மகள் கல்யாணமா? மகளா. சரி. சொந்தத்துல குடுக்குறீங்களா, அந்நியமா? சொல்ல வேண்டாம், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அப்ப நீங்க அவசியம் கேக்கணும். இந்த நிழலுக்கு வாங்க.

இந்தக் கதவு வந்ததுக்குக் காரணம் ஒரே ஒரு ஆளு. பேரு தெரியாது. நாங்க வச்ச பேரு ரெண்டு வீட்டுக்காரர். வெள்ளைச் சட்டை, நெத்தியில சந்தனம், கக்கத்துல ஒரு மஞ்சப்பை. எந்தக் கல்யாணமானாலும் மொதப் பந்தியில மூணாவது எலை அவருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா, நான் மாப்பிள்ளை வீடும்பாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா, பொண்ணுக்கு நான் பெரியப்பா முறைம்பாரு. ரெண்டு பேரும் சேந்து வந்து கேட்டா, "என்னப்பா இது, ரெண்டு வீட்டுக்கும் வேண்டியவன்ல நான்?" அப்படின்னு அவங்க தோள்லயே கையப் போடுவாரு.

ஒரே தை மாசத்துல பதினோரு கல்யாணம் சார். பதினொண்ணுலயும் போட்டோவுல இருக்காரு. ஒரு கல்யாணத்துல அட்சதைத் தட்டை வாங்கி எல்லாருக்கும் குடுத்ததே அவருதான். இன்னொண்ணுல, ரசத்துல புளி தூக்கலா இருக்குன்னு என்னைக் கூப்ட்டு விட்டுத் திட்டுனாரு. நானும் கையக் கட்டிக்கிட்டு, மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். மண்டபத்துக்காரன் நான்! அன்னைக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

நேரா ஆரோக்கியதாஸ்கிட்டப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கேமரா மாட்டுற கடை வச்சிருக்கான். கைராசிக்காரன், கெட்டிக்காரன். ஆனா சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யமாட்டான். அதுதான் அவன்கிட்ட இருக்குற நல்ல குணம். அதுதான் கெட்ட குணமும்.

"ஆரோக்கியதாஸு, வாசல்ல ஒரு கம்பிக் கதவு போடு. ரெண்டு பட்டன் வை. செகப்பு மாப்பிள்ளை வீடு, பச்சை பொண்ணு வீடு. வர்றவன் எந்த வீடுன்னு அமுக்கணும். அமுக்குனதும் போட்டோ எடுத்து அந்த வீட்டுப் பெரியவர் போனுக்குப் போகணும். 'இவர் உங்க ஆளா?'ன்னு கேக்கணும். அவர் ஆமான்னு போட்டா ஒரு சீட்டு அடிச்சு வரணும்" அப்படின்னேன்.

"பெரியவர் பதிலே போடலேன்னா அண்ணாச்சி?"

"கதவு தெறந்துக்கட்டும். ஆனா கடைசிப் போட்டோவுக்காவது பதில் வர்ற வரைக்கும் போன்ல தெனம் கேக்கணும், விடாத. கல்யாண வீட்டுல எவன் போனைப் பாத்துட்டு உக்காந்திருப்பான்? போட்டோ போகுதுன்னு தெரிஞ்சாலே அந்தாளு பயந்து ஓடிருவாருடா."

"சரி. தப்பா அமுக்குனா?"

"திரும்பக் கேக்கணும்."

"எத்தனை தடவை?"

"சரியா அமுக்குற வரைக்கும். நூறு தடவையானாலும் கேட்டுக்கிட்டே இருக்கணும், விடக்கூடாது."

அவன் தலையச் சொறிஞ்சான். "அப்ப எது தப்புன்னு நீங்களே உங்க வாயால சொல்லிருங்க அண்ணாச்சி. நாம சொல்றதுதான் மெஷினுக்குத் தெரியும், நெனைக்கிறது தெரியாது."

நான் சொன்னேன்: "மாப்பிள்ளை வீடு இல்லேன்னா விடாத. பொண்ணு வீடு இல்லேன்னாலும் விடாத. அம்புட்டுத்தான்." ஒரு நோட்டுல எழுதிக்கிட்டான். வாசிச்சுக் காட்டுனான். நான் கையெழுத்தே போட்டேன் சார். நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க, அதுல என்ன தப்பு இருக்கு? ... இல்லேல்ல? அதான்.

இன்னும் ரெண்டு விஷயம் நானாச் சேத்தேன். கரண்ட் போனா கதவு பூட்டிக்கணும். ஏன்னா அந்தாளு பியூஸைப் பிடுங்கினாலும் பிடுங்குவாரு. அப்புறம், மெஷினை நிறுத்தணும்னா ஆரோக்கியதாஸ் விரல் ரேகை வச்சாத்தான் நிக்கணும். ஏன்னா அந்தாளு என்கிட்டயே வந்து நைசாப் பேசி நிறுத்த வச்சிருவாரு. என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இளகுன மனசு.

சோதிச்சுப் பாக்காம வச்சேன்னு மட்டும் யாரும் சொல்ல முடியாது. வைகாசியில எங்க தவமணி அக்கா மகளுக்கும், எம் பொஞ்சாதியோட தம்பிக்கும் கல்யாணம். முந்நூறு பேரு வந்தாங்க. ஒருத்தர் விடாம அமுக்கிட்டு வந்தாங்க. ஒருத்தரையும் மெஷின் மறிக்கல. தெரியுதா, முந்நூறு பேரு!

என்ன, எல்லாரும் ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்குனாங்க. அமுக்கத்தான செய்வாங்க? எங்க ஆளுகளுக்குள்ள அத்தை மக, மாமன் மகன், அக்கா மகன்னு பொண்ணைக் குடுத்து எடுத்து, யாரு எந்த வீடுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. நானே அன்னைக்குப் பொண்ணுக்குத் தாய்மாமன், மாப்பிள்ளைக்கு அத்தான். நான் எதை அமுக்க? ரெண்டையும்தான். பால்காரர் வந்தாரு, "ரெண்டு வீட்டுக்கும் நான்தான பால் ஊத்துறேன்"னு ரெண்டையும் அமுக்குனாரு. தெறந்துக்கிச்சு. எனக்கு என்ன சந்தோஷம்கிறீங்க!

அந்த ரெண்டு வீட்டுக்காரர் மட்டும் அன்னைக்கு வரல. ஊர்ல இல்ல போல. மெஷினுக்குப் பயந்துட்டாருன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

அடுத்த கல்யாணம் எம் மக மதிவதனி கல்யாணம்.

இங்கதான் கொஞ்சம் கசப்பான விஷயம் வருது சார். மதி எனக்கு ஒரே மக. தவமணி அக்கா மகன் ராமர்பாண்டி அவளுக்கு முறைமாப்பிள்ளை. அவ தொட்டில்ல கிடந்தப்பவே பேசி வச்சது. இவ மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலைக்குப் போனா. என்ன வேலைன்னு கேட்டா, "அடுத்தவங்க செஞ்ச மெஷினுக்குத் தப்பான பதிலாக் குடுத்துப் பாக்குறதுப்பா"ன்னா. சம்பளம் குடுத்துத் தப்பாப் பதில் சொல்லச் சொல்றாங்களாம்! அந்தப் பழக்கம்தான் வீட்டுக்கும் வந்துருச்சு. "ராமர்பாண்டியக் கட்டிக்கிறியா?"ன்னு கேட்டேன். மாட்டேன்னுட்டா. நானும் திரும்பத் திரும்பக் கேட்டேன். ரெண்டு வருசம் கேட்டேன். சரியான பதில் வரவே இல்ல.

கடலூர்ப் பையன். பேரு பிரதீபன். கூட வேலை பாக்குறவன். வேற ஆளுக, வேற பழக்கம், இட்லிக்குச் சட்னி வைக்கிறதுலருந்து எல்லாம் வேற. எங்க அக்கா வந்து நடுவீட்டுல உக்காந்து அழுதா. நான் அவ தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணுனேன்: "அக்கா, எம் மக முடிவு பண்ணிட்டா. கல்யாணத்தை நடத்திக் குடுத்துருவேன். ஆனா உயிரோட இருக்குற வரைக்கும் அந்த வீட்டை என் வீடுன்னு என் வாய் சொல்லாது." சொன்னபடியே நடந்துக்கிட்டேன். பையனோட அப்பா திருஞானம், ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டயர் ஆனவரு, போன்ல வாய் நெறையச் "சம்பந்தி, சம்பந்தி"ம்பாரு. நான் "சொல்லுங்க சார்"ம்பேன். அம்புட்டுத்தான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி மதி வந்தா. வந்தவ இந்தக் கதவைப் பாத்தா. பச்சையை மட்டும் அமுக்குனா. என் குரல் கேட்டுச்சு: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. செகப்பை மட்டும் அமுக்குனா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வந்து என் முன்னாடி நின்னா.

"அப்பா, இந்தக் கதவு எல்லாரையும் மறிக்கும்."

"முந்நூறு பேரு போனாங்க, தெரியும்ல?"

"அவங்க எல்லாம் ரெண்டு வீட்டு ஆளுகப்பா. நீங்க என்ன சொல்லி வச்சிருக்கீங்க? மாப்பிள்ளை வீடு இல்லாதவரை விடாத, பொண்ணு வீடு இல்லாதவரையும் விடாத. எங்க அத்தை மாப்பிள்ளை வீடா? இல்ல. அப்ப மறிச்சிரும். பிரதீபன் பொண்ணு வீடா? இல்ல. அவனையும் மறிச்சிரும். ரெண்டு வீடும் இல்லாதவரை மட்டும்தான் மறிக்கணும். ஏதாவது ஒண்ணா இருந்தா உள்ள விட்றணும்."

எனக்கு அவ மாப்பிள்ளை பேரைச் சொன்னதுலயே காது அடைச்சுப் போச்சு. "ஆமாம்மா, நீ எல்லாத்துலயும் தப்புக் கண்டுபிடிப்ப. இருபத்தஞ்சு வருசமா நான் பாத்து வச்ச மாப்பிள்ளையிலயே தப்புக் கண்டுபிடிச்சவதான? ராமர்பாண்டியக் கட்டியிருந்தா எல்லாரும் ரெண்டு வீடா இருந்திருப்பாங்கள்ல? மெஷின் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கும்ல? அப்ப தப்பு மெஷின் மேலயா, கல்யாணத்து மேலயா?"

அவ பெட்டியத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. நான் ஜெயிச்சுட்டேன்னுதான் நெனச்சேன்.

கல்யாணம் ஒரு ஞாயித்துக்கிழமை. முகூர்த்தம் ஏழரையிலருந்து ஒம்பது. மதியும் எம் பொஞ்சாதியும் ஐயரும் சமையல் ஆளுகளும் முந்துன நாளே உள்ள வந்துட்டாங்க, சாமான் எறக்கணும்னு அன்னைக்கு மட்டும் ஆரோக்கியதாஸ் மெஷினை நிறுத்தி வச்சிருந்தான். காலையில ஆறு மணிக்கு ஆரோக்கியதாஸ் வந்து விரலை வச்சு மெஷினை ஓட விட்டுட்டு, சர்ச்சுக்குப் போயிட்டான். நான் புதுப் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, மாப்பிள்ளை அழைக்க வாசலுக்கு வெளிய வந்தேன். கதவு எனக்குப் பின்னாடி சாத்திக்கிச்சு; இனிப் பந்தி முடியுற வரைக்கும் உள்ளருந்தும் தெறக்காது, அதுவும் நான் சொன்னதுதான். சாத்துறப்ப "க்ளுக்"குனு ஒரு சத்தம் வரும், நீங்க கேக்கணும், அருமையா இருக்கும்.

மேளதாளத்தோட மாப்பிள்ளை வீடு வந்துச்சு. வேன்லயும் கார்லயுமா எம்பது பேரு. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமா இறங்கி வந்து, மரியாதையா செகப்பை அமுக்குனான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நீங்க எந்த வீடு?"

திரும்ப அமுக்குனான். திரும்பக் கேட்டுச்சு. பையன் என்னைத் திரும்பிப் பாத்து, "மாமா, நான்தான் மாப்பிள்ளை"ன்னான். என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? நானா மறிக்கிறேன்? "அங்க சொல்லுங்க"ன்னேன்.

திருஞானம் வந்தாரு. ஒரு ரயிலையே கொடியைக் காட்டி அனுப்புன ஆளு, ஒரு கதவு அவரை நிறுத்துதுன்னா ஒத்துக்குவாரா? பதினாலு தடவை அமுக்குனாரு. நான் எண்ணுனேன். பதினாலு தடவையும் என் குரல் பொறுமையா, ஒரு தடவைகூடக் குரலை ஒசத்தாம, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னுச்சு. அவரு திரும்பி, "யோசிச்சுத்தான் சம்பந்தி வந்திருக்கோம், ரெண்டு வருசம் யோசிச்சிருக்கோம்"னாரு. நாதஸ்வரக்காரர் ஊதுறதை நிறுத்திட்டு வேடிக்கை பாத்தாரு.

எனக்கு மானம் போச்சு. "நகருங்க சார், உங்களுக்கு அமுக்கத் தெரியல"ன்னு போயி, பச்சையில என் பெருவிரலை வச்சு அமுக்குனேன். என் மண்டபம், எம் மக கல்யாணம், என் கதவு, என் குரல். கேக்குது என்னைய: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நீங்க எந்த வீடு? கூட்டத்துல எவனோ சிரிச்சான்.

நான் அதுக்கிட்டயே சண்டைக்குப் போயிட்டேன். "பொண்ணோட அப்பன்டா நான்"னு கத்துனேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டுச்சு.

ஆரோக்கியதாஸுக்குப் போன் போட்டா, அணைச்சு வச்சிருக்கான். பூசை நேரம். கரண்ட்டை நிறுத்தலாம்னான் ஒருத்தன். நிறுத்துனா பூட்டிக்கும், சொன்னேன்ல? பின்னாடி அடுப்படி வாசல் ஒண்ணு இருக்கு, அது வழியாப் போகலாம்னு நான் மெதுவாச் சொன்னேன். திருஞானத்துக்கு மூக்குச் செவந்துருச்சு. "என் மகன் என்ன கத்திரிக்கா மூட்டையா?"ன்னாரு. அவரு கேட்டது நியாயம்தான். மாலை போட்ட மாப்பிள்ளைய வெறகு போற வழியாக் கூட்டிட்டுப் போனா ஊரு காறித் துப்பும். அவரு போகாதப்ப எங்க ஆளுகளும் போகக்கூடாது, அது அதைவிட அவமரியாதை. ஆக மொத்தம் இருநூத்தம்பது பேரு வெயில்ல நிக்கிறோம். எங்க தவமணி அக்காவும் நிக்கிறா, தனியா, வேப்ப மரத்துக்குக் கீழ, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. மணி எட்டு.

அப்ப வந்தாரு சார் அந்த ஆளு. வெள்ளைச் சட்டை, சந்தனம், மஞ்சப்பை. ரெண்டு வீட்டுக்காரர். கூட்டத்தைப் பாத்தாரு. "என்ன எல்லாரும் வெளிய நிக்கிறீங்க, பந்தி போட்டாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே கதவுகிட்டப் போனாரு. வலது கை செகப்புல, இடது கை பச்சையில. பழக்கதோஷம்! ரெண்டையும் ஒண்ணா அமுக்குனாரு.

"க்ளுக்."

கதவு தெறந்துச்சு. யாரைத் தடுக்க வச்சேனோ அந்த ஆளுக்கு மட்டும் தெறந்துச்சு. அவரு உள்ள போனதும் திரும்பச் சாத்திக்கிச்சு. உள்ள மேசையில பன்னீர்ச் செம்பு இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, என் மேலயே பன்னீரைத் தெளிச்சு, "வாங்க, வாங்க"ன்னாரு. எம் மக கல்யாணத்துக்கு என்னை வரவேற்கிறாரு! கம்பியப் பிடிச்சு ஒலுக்குனேன் பாருங்க, வேட்டி கழண்டிருக்கும்.

சத்தம் கேட்டு மதி வந்துட்டா. கல்யாணப் பொண்ணு, கூறைப் பொடவையோட, கொலுசுச் சத்தத்தோட. எம் பொஞ்சாதி பின்னாடியே "போகாதடி, போகாதடி"ன்னு ஓடி வர்றா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு பார்வை பாத்தா. எல்லாம் அவளுக்குப் புரிஞ்சிருச்சு.

"எல்லாரும் ரெண்டையும் சேத்து அமுக்குங்க"ன்னா. "ரெண்டு வீடும்னு சொன்னாத்தான் அது விடும்."

யாரும் அசையல. ஏன்னா அது லேசான விஷயம் இல்ல சார். வெறும் பட்டன்தானன்னு நீங்க நெனைப்பீங்க. எங்க சித்தப்பா ஒருத்தரு, "அவங்க வீட்டுப் பட்டனை நாம எதுக்கு அமுக்கணும்?"னு வெளிப்படையாவே கேட்டாரு. கடலூர்ப் பக்கமும் முணுமுணுப்பு. ஒரு அம்மா, "நாம எப்படிப் பொண்ணு வீடாவோம்? மரியாதை என்னாவுறது?"ன்னுச்சு.

மதி என்னைத்தான் பாத்தா. "அப்பா, நீங்க மொதல்ல அமுக்குங்க. நீங்க அமுக்குனா எல்லாரும் அமுக்குவாங்க."

"அது பொய்யாயிரும்மா"ன்னேன். "நான் அந்த வீடு இல்ல."

"ஒம்பது மணிக்குள்ள உள்ள வந்தா அது உண்மையாயிரும்ப்பா."

நான் வேப்ப மரத்தைப் பாத்தேன். அக்கா என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா. சத்தியம் பண்ணுன கை இது. நான் கைய மடக்கிக்கிட்டேன்.

மணி எட்டு இருபத்தஞ்சு. மதி கண்ணுல மை கரைஞ்சு ஓடுது. துடைக்கவே இல்ல. அப்பத் திருஞானம் துண்டை இடுப்புல கட்டுனாரு. "என் மருமக கூப்புடுறா. எனக்கு எந்த வீடா இருந்தா என்ன?"ன்னு போயி ரெண்டு கையாலயும் ரெண்டையும் அமுக்குனாரு. க்ளுக். அந்த ரெண்டு வீட்டுக்காரர் அவருக்குப் பன்னீர் தெளிச்சாரு. அடுத்து மாப்பிள்ளை. க்ளுக். அப்புறம் பாருங்க, கடலூர்க்காரங்க எல்லாரும் வரிசையா வந்து, நாங்க பொண்ணு வீடும்தான், நாங்க பொண்ணு வீடும்தான்னு அமுக்குறாங்க. அதைப் பாத்துட்டு எங்க ஆளுகளும் சும்மா நிப்பாங்களா? மரியாதையில நாங்க கொறைஞ்சவங்களா? முண்டியடிச்சுக்கிட்டு அமுக்குனாங்க. அந்தச் சித்தப்பா ரெண்டு தடவை அமுக்குனாரு.

கடைசியில வாசல்ல ரெண்டே பேரு. நானும் அக்காவும்.

அக்கா மெதுவா நடந்து வந்தா. என்னைப் பாத்து, "என் தலையில அடிச்சுத்தான சத்தியம் பண்ணுன? தலை என்னோடது. நான் விட்டுட்டேன், போ"ன்னா. ரெண்டையும் அமுக்கிட்டு உள்ள போயிட்டா. போறப்ப மதி கன்னத்து மையத் தன் முந்தானையால துடைச்சுவிட்டா.

நான் போகல. ஏன் போகலன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. சத்தியத்தை வாங்குனவளே விட்டுட்டா, நான் மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பச்சையை மட்டும் திரும்பத் திரும்ப அமுக்குறேன். அது கேக்குது, நான் அமுக்குறேன். அது கேக்குது, நான் அமுக்குறேன். தனியா நின்னு என் குரலை நானே கேக்குறப்பத்தான் தெரிஞ்சுது சார், அது எம்புட்டுத் திமிர்பிடிச்ச குரலுன்னு. உள்ள மேளம் நின்னுருச்சு. தாரை வார்த்துக் குடுக்க அப்பன் இல்லாம ஐயர் காத்துக்கிட்டிருக்காரு. மதி மணவறைக்குப் போகமாட்டேன்னு கம்பியப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறா. மணி எட்டு அம்பது. "உங்களை வெளிய விட்டுட்டு எனக்குக் கல்யாணம் வேண்டாம்ப்பா"ன்னா. எம் மகளை நானே கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி அழ வச்சிட்டேனேன்னு இருந்துச்சு.

அப்பத்தான் கதவு தெறந்துச்சு.

நான் பச்சையத்தான் அமுக்குனேன் சார். என் விரல் பெருசு, பாருங்க. பட்டன் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. வேர்வை வேற. வழுக்கிச் செகப்புல பட்டிருக்கும்.

என்ன, ரெண்டுக்கும் நடுவுல நாலு விரக்கடை இருக்கா? இருக்கட்டும். வழுக்கிருச்சு.

ஓடுனேன். எட்டு அம்பத்தாறுக்குத் தாலி ஏறிருச்சு. மொதப் பந்தியில மூணாவது எலையில அவரு உக்காந்திருந்தாரு. நானே நின்னு ரசம் ஊத்துனேன். "புளி சரியா இருக்கா?"ன்னு கேட்டேன். "இன்னைக்குத் தேவலை"ன்னாரு.

ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கூட்டமெல்லாம் சாப்பிடப் போனப்பறம் கதவுகிட்ட வந்தேன். உள்பக்கம் சீட்டு அடிக்கிற டப்பா இருக்குல்ல, அதுல ஒரு சீட்டு நாக்கு மாதிரித் தொங்குது. இந்த மெஷின் வச்சதுலருந்து ஒரு சீட்டு அடிச்சதில்ல சார். எந்தப் பெரியவரும் பதில் போட்டதே இல்ல. கிழிச்சுப் பாத்தேன். என் போட்டோ. வாயைப் பொளந்துக்கிட்டு, மூக்கு ஒழுக, ஒரு மூஞ்சி. அழுகல, அது வெயில். கீழ மெஷினோட கேள்வி: இவர் உங்க ஆளா? அதுக்குக் கீழ: மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், திருஞானம் – ஆமா.

தாலி கட்டுற நேரத்துல, மணவறையில நின்னுக்கிட்டு, அந்த மனுசன் போனை எடுத்துப் பாத்துப் பதில் போட்டிருக்காரு.

இந்தா, பையிலயே வச்சிருக்கேன். எழுத்து மங்கிருச்சு, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. "ஆமா" மட்டும் தெரியுதுல்ல?

மறுவீட்டுக்கு வந்தப்ப மதி ஆரோக்கியதாஸைக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டா. பத்து நிமிஷ வேலை. ஏதாவது ஒண்ணை அமுக்குனாப் போதும், தெறந்துக்கிச்சு. ரெண்டுலயும் கை வைக்காதவரை மட்டும் மறிச்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க. அவ ஊருக்குப் போன மறுநாள் நான் ஆரோக்கியதாஸைக் கூப்ட்டு, பழையபடியே மாத்துடான்னுட்டேன். "தப்பா இருக்கே அண்ணாச்சி"ன்னான். "இருக்கட்டும்டா. கையெழுத்துப் போட்டிருக்கேன்ல"ன்னேன்.

அப்புறம் இந்தப் போன் இருக்கே, இது இன்னும் என்னைய விடல. பொண்ணு வீட்டுப் பெரியவர் நான்தான? எனக்கும் கடைசியா வந்த அந்தப் போட்டோவை அனுப்பி, இவர் உங்க ஆளான்னு கேட்டுச்சு. நான் பதில் போடல. தெனம் காலையில எட்டு அம்பதுக்குத் திரும்பக் கேக்குது. ஏழு மாசமாக் கேக்குது. பதில் வர்ற வரைக்கும் விடாதன்னு நான்தான சொன்னேன்? அந்த மூஞ்சியப் பாக்குறப்பல்லாம், பதில் போட்டா நின்னு போயிருமேன்னு விட்டு வச்சிருக்கேன். பாத்துட்டு, கடலூருக்குப் போன் போடுவேன். "என்ன சம்பந்தி, சாப்டாச்சா?"ம்பேன்.

சரி, நேரமாச்சு. வாங்க, மண்டபத்தைப் பாப்போம். என்ன சார், இன்னும் பச்சையில மட்டும் விரலை வச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

அவசரமில்ல. நல்லா யோசிச்சு அமுக்குங்க. நான் இங்கதான் நிக்கிறேன்.